கடைமடைக்குத் தண்ணி வாட்ஸ்அப்பில் வருமா?

காலை ஆறு மணிக்கு ஊர்க் குழுவில் முப்பது ரோஜாப்பூ விழுந்திருக்கும். அதற்கு நடுவில் ஒரு வரி: "வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரலைங்க. அதிகாரிங்க தூங்குறாங்க. எல்லாரும் ஷேர் பண்ணுங்க." பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள், ஒருவர் கோபமுகம் போடுவார், அதோடு சரி. மறுபடி ரோஜாப்பூ.

அந்த வரியில் எந்த வாய்க்கால் என்று இல்லை. எந்த மடை, எத்தனை நாளாக என்று இல்லை. தண்ணீரை விட வேண்டியவர் யார் என்று இல்லை. படித்தவர் செய்யக்கூடியது ஷேர் ஒன்றுதான். அது ஷேர் ஆகி ஆகி துபாயில் இருக்கும் பங்காளி போனுக்குக்கூடப் போய்ச் சேரும். மதகுச் சாவி வைத்திருப்பவர் போனுக்கு மட்டும் போகாது.

கொங்குப் பக்கம் பொதுப் பிரச்னைக்குப் பஞ்சமில்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனம்) கடைமடை, கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட், நொய்யலில் சாயக்கழிவு, விசைத்தறி மின்கட்டணம், தோட்டத்துக்குள் உயர்மின் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்துக் குழு இருக்கிறது. பதிவு போட்டதால் இவற்றில் எதுவும் தீராது. ஆனால் சரியான மேசைக்கு முன்னால், சரியான நாளில், போதுமான தலைகளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமூக ஊடகத்தைவிட மலிவான வண்டி இல்லை.

முதல் வேலையைப் போனை வைத்துவிட்டுத் தாளில் செய்ய வேண்டும். யார், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் அன்றைக்குப் பதிவு போடாதீர்கள். "தண்ணீர்த் திருட்டை ஒழிப்போம்" என்பது கோஷம். "கிளை வாய்க்காலில் இந்த மடைக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு), இந்தத் தண்ணீர்ச் சுற்று முடிவதற்குள், செயற்பொறியாளர் ரோந்து போட்டுத் தண்ணீரை இறக்க வேண்டும்" என்பது கோரிக்கை. கோஷத்தை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் நிறைவேற்றவும் மாட்டார்கள்.

'யார்' என்பதில்தான் பெரும்பாலான பிரசாரம் கவிழ்கிறது. வாய்க்கால் என்றால் நீர்வளத்துறை. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உள்ளூர் மின்வாரிய ஆபீசைச் சுற்றி நின்றால் அங்கே இருப்பவர் கையை விரிப்பார். சாயக்கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். ரோட்டுக்கு, அது ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத்துறை ரோடா என்று பார்க்க வேண்டும். ஆள் மாறிப் போனால் "இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லைங்க" என்ற ஒரே பதிலில் உங்கள் இரண்டு வார உழைப்பு முடிந்துவிடும்.

'எப்போது' என்பதற்கு அரசாங்கமே நாள் வைத்திருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து பிரசாரத்தைத் தொடங்குங்கள். பத்து நாள் போதும். ஒரு மாதத்துக்கு முன்னால் தொடங்கினால் சூடு ஆறிவிடும். இன்னொன்று: தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் வைக்காமல் தேதி குறித்துவிட்டு, ஆளைத் திரட்டிக்கொண்டு போய், வாசலில் ஒரு பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டு வருகிற கதை ஊருக்கு ஊர் உண்டு.

இனி வாட்ஸ்அப். இங்கே அரசியல் ஓடுவது அதில்தான், மற்றதெல்லாம் துணைக்கு.

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஒரே செய்தியை ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர். ஆனால் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். 256 பேர் பட்டியல் போட்டு 60 பேருக்குக்கூடப் போகாமல், "யாருமே கண்டுக்கலைங்க" என்று நொந்துகொள்வது இதனால்தான். ஆகவே பிரசாரத்தின் உண்மையான சொத்து, உங்கள் நம்பரைச் சேமித்தவர் எண்ணிக்கை. லைக் கணக்கு அதற்கு எத்தனையோ படி கீழே. அதை வளர்க்க நல்ல இடம் பால் சொசைட்டி. காலையும் மாலையும் அதே ஆட்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள், கையும் சும்மா இருக்கும். உள்ளங்கை அளவுச் சீட்டில் நம்பரை அச்சடித்து, "வாய்க்கால் தண்ணி என்று சேவ் பண்ணிக்கங்க" என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் சேவ் பண்ணச் சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்காது, வாய்க்கால் நினைவிருக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகைப் பட்டியலிலிருந்தும், யாரோ விற்கும் நம்பர் பட்டியலிலிருந்தும் புது சிம்மில் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இரண்டு நாளில் கணக்கு முடங்கும். முன்பின் தெரியாத நம்பருக்கு வரிசையாக அனுப்புவதையும், வாங்குகிறவர்கள் 'ரிப்போர்ட்' அடிப்பதையும் வாட்ஸ்அப் கவனிக்கிறது. மனு நாளுக்கு முந்தின இரவு நம்பர் முடங்கினால் மாற்று வழி கிடையாது. எப்போதும் இரண்டாவது நம்பர் ஒன்று அட்மினாக இருக்கட்டும்.

ஃபார்வர்டு பற்றிப் பலருக்கும் தவறான கணக்கு. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு இந்தியாவில் 2018-லேயே வந்துவிட்டது. பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்ட செய்தியை, 2020 ஏப்ரல் முதல், ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் தள்ள முடியும். அதாவது உங்கள் செய்தி பரவப் பரவ அதன் கால் கட்டப்படுகிறது. இரட்டை அம்பைப் பார்த்ததும் திறக்காமல் நகர்ந்துவிடுகிறவர்களும் இப்போது அதிகம். வழி இதுதான்: ஊருக்கு ஒருவராக இருபது பேரை வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படமும் எழுத்தும் இருபது பேருக்கும் நேராகப் போகட்டும். ஒவ்வொருவரும் அதை ஃபார்வர்டு செய்யாமல், புதிதாக ஏற்றி, மேலே தன் ஊர்ப் பெயரோடு ஒரு வரி சேர்த்துத் தன் குழுவில் போடட்டும். கூடவே "தேதி மாறினால் பழையதை அழித்துவிடு" என்ற ஒப்பந்தமும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய தேதிப் போஸ்டர் மூன்று வாரம் சுற்றும்.

பெரிய குழுவில் அட்மின் மட்டும் பேசும்படி பூட்டிவிடுங்கள். விவாதத்துக்குத் தனியாக முப்பது பேர் குழு போதும். எல்லாரும் பேசலாம் என்று விட்டால் பகலில் ரோஜாப்பூ, இரவு ஒன்பதுக்கு மேல் வேறு மாதிரி. குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பெண்கள் சேரத் தயங்குவார்கள். சேர்ந்தவர்களுக்குத் தேவையில்லாத கால் வரும். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்கிறவர் நம்பர் மற்றவர்க்குத் தெரியாது. தறி ஓட்டும் பெண்கள், பனியன் கம்பெனி செக்கிங் பெண்கள் வேண்டும் என்றால் சேனல் லிங்க்கைக் கொடுங்கள். டீக்கடைச் சுவரில் குழுவின் கியூஆர் கோடு ஒட்டினால் 'அட்மின் அனுமதி' அமைப்பைப் போட்டு வையுங்கள். ஒட்டிய மறுநாளே லோன் ஆப் விளம்பரக்காரர் உள்ளே வந்துவிடுவார்.

செய்தி எப்படி இருக்க வேண்டும்? எழுத்தைவிட அரை நிமிடக் குரல் பதிவு இங்கே நன்றாக ஓடுகிறது. மேடைத் தமிழ் வேண்டாம். முதல் ஐந்து வினாடியில் யாருக்கான செய்தி என்பது வந்துவிட வேண்டும். ஒரு மாதிரி:

"ஏனுங்க, வணக்கமுங்க. வெள்ளகோவில் கிளை வாய்க்கால் கடைமடை ஆயக்கட்டுக்காரங்களுக்குங்க. போன சுத்துலயும் நம்ம மடைக்குத் தண்ணி எட்டலைங்க. வர்ற திங்கக்கெழம காலைல பத்து மணிக்குத் திருப்பூர் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறமுங்க. சிட்டா நகல் ஒண்ணு, ஆதார் நகல் ஒண்ணு எடுத்துக்கங்க. எட்டரைக்குப் பால் சொசைட்டிகிட்ட வண்டி நிக்குமுங்க. வர்றவங்க 'ஒண்ணு'ன்னு மட்டும் போட்டுருங்க."

இதில் திட்டு இல்லை, கட்சி இல்லை, 'ஷேர் பண்ணுங்க' இல்லை. கடைசி வரிதான் முக்கியம். 'ஒண்ணு' போட்டவர் பட்டியல்தான் உங்கள் கூட்டம். போட்டவரெல்லாம் வந்துவிட மாட்டார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்று பிரித்து, ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கு ஒரு போன் போட்டால்தான் திங்கட்கிழமை வண்டி நிறையும்.

குரல் பதிவுக்கு ஒரு விதிவிலக்கு: தறிக்குடோன். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது, போன் எங்கே கேட்கும்? அவர்களுக்குப் போகும் வீடியோவில் பேசுவதெல்லாம் எழுத்தாகவும் கீழே ஓட வேண்டும், பெரிய எழுத்தில், ஒரு நேரத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகாமல். தானாக வசனம் போடும் ஆப்கள் கொங்குப் பேச்சைக் கேட்டால் தடுமாறும். 'வரோணும்' என்பதை அது என்னவாக்கும் என்று சொல்ல முடியாது. கையால் திருத்தாமல் வெளியிடாதீர்கள்.

நேரமும் தொழிலைப் பொறுத்தது. திருப்பூர் கம்பெனிகளில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அல்லது இரவு ஒன்பது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நாள், எதுவும் போடாதீர்கள். ஞாயிறு காலை போடுங்கள். தோட்டத்துக்காரருக்கு விடியக்காலம் பால் கறந்து முடித்த பிறகு. வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போகிறவரிடம் அன்றைக்கு மதியம்வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

போஸ்டர்: 1080-க்கு 1350 பிக்சல், நெட்டுவாக்கில். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பெரிதாக்காமல் பார்க்கும்போது தேதியும் கிழமையும் இடமும் படிக்க வர வேண்டும். தலைவர் படம் ஐந்து, வரவேற்பாளர் பெயர் இருபது என்று ஃபிளெக்ஸ் பேனரை அப்படியே போனுக்குள் இறக்கினால் ஒன்றும் தெரியாது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததைக் காப்பி செய்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். யூனிகோடில் அடித்த எழுத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே அதையும் சேர்த்துப் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் குழுவில் தேடி எடுக்க முடியாது, கீழே இருப்பதை எடுக்கலாம்.

மற்ற தளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபேஸ்புக், நாற்பது தாண்டியவர்களுக்கும் ஊர்ப் பெயரிலான பக்கங்களுக்கும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், கல்லூரிப் பிள்ளைகளுக்கு. முதல் இரண்டு வினாடியில் காய்ந்த வாய்க்கால் தெரியட்டும், உங்கள் முகம் வேண்டாம். எக்ஸ் தளத்தில் ஊர்க்காரர் இல்லை, ஆனால் நிருபர்களும் கலெக்டர் கணக்கும் இருக்கின்றன. அங்கே ஒரு பதிவுக்கு ஒரு அதிகாரியை மட்டும் டேக் செய்யுங்கள். முதல்வரில் தொடங்கிப் பன்னிரண்டு பேரை டேக் செய்தால் பன்னிரண்டு பேரும் இது மற்றவர் வேலை என்று விட்டுவிடுவார்கள். ஹேஷ்டேக் வைத்தால் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லாருக்கும் காப்பி செய்யக் கொடுங்கள். இடைவெளியோ இணைப்புக்கோடோ வந்தால் டேக் அங்கேயே அறுந்துவிடும். யூடியூபை மனு, பதில் கடிதம், அரசாணை இவற்றை விளக்கும் நீளமான வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்தும் தேடிக் கிடைப்பது அது ஒன்றுதான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. செய்தி வேகமாகப் பரவுவது கூட்டம் (சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவு), குலதெய்வக் கோயில் பெயரிலான குழுக்களில்தான். வாய்க்கால் செய்தியை அதில் போட்டால் அரை மணி நேரத்தில் பல மாவட்டம் போய்விடும். ஆனால் அது அந்தச் சாதியின் கோரிக்கையாகச் சாயம் ஏறிவிடும். கடைமடையில் தோட்டம் வைத்திருக்கும் மற்றவரும், அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவரும் விலகி நிற்பார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்லாத் தரப்புப் பெயரும் இருக்கும் அதே போஸ்டரைப் போடுங்கள், அந்தக் குழுவுக்கென்று தனிப் போஸ்டர் செய்யாதீர்கள்.

இன்னொன்று, உள்ளூரிலேயே இரண்டு தரப்பு இருக்கும் பிரச்னைகள். கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கான்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் என்பவர்களும், கசிவு நின்றால் எங்கள் கிணறு வற்றும் என்பவர்களும் ஒரே வாய்க்காலின் விவசாயிகள்தான், சில வீடுகளில் மச்சான், மாப்பிள்ளைகளும்கூட. இப்படிப்பட்ட விஷயத்தில் "ஒட்டுமொத்த விவசாயிகளும் எதிர்க்கிறோம்" என்று போட்டால் முதல் பின்னூட்டத்திலேயே உடைபடும். எந்த மைல் முதல் எந்த மைல் வரை இருக்கும் ஆயக்கட்டு சார்பாகப் பேசுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வாதத்துக்கு எடை கூடும்.

ஆதாரப் படம் எடுக்கும்போது மடை எண், மைல்கல், மதகு என்று இடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று சட்டகத்துக்குள் வர வேண்டும். வெறும் காய்ந்த மண் எந்த ஊருக்கும் பொருந்தும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தோடு ஒட்டியிருக்கும் தேதி, இடத் தகவல் உதிர்ந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் நிற்கும். மூலப் படத்தை எடுத்தவர் போனிலிருந்து அழிக்கக் கூடாது. அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கப்பட்டபோது 1045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்று சொல்லப்பட்டது. "எங்க குட்டைக்கு வரலை" என்று வெறுமனே எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை. குட்டையின் பெயர், சர்வே எண், ஒரே இடத்தில் நின்று வாரம் ஒன்றாக எடுத்த நான்கு படம் இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பொய் வீடியோவுக்கு எச்சரிக்கை சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது. ஆனாலும் திருப்பூரில் அதன் பதற்றம் தொழிலாளர் மத்தியில் உடனே தெரிந்தது. தமிழில் எத்தனை மறுப்புப் போட்டாலும் அந்தத் தொழிலாளிக்குப் போய்ச் சேராது. இந்தியில், ஒடியாவில், அவர்களில் ஒருவர் குரலில் போக வேண்டும். மறுக்கும்போது பொய் வீடியோவை மறுபடி ஏற்றாதீர்கள். அதன் ஒரு சட்டகத்தை எடுத்து, நடுவில் 'பொய்' என்று பெரிதாக அடித்து, முதல் வரியில் உண்மையைச் சொல்லுங்கள். கோபத்தில் எதையாவது தட்டிவிடுகிறவர்களுக்கு: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-இல் ரத்தானதால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் பகை மூட்டுவதற்கு 196, பீதி கிளப்பும் வதந்திக்கு 353, அவதூறுக்கு 356 இருக்கின்றன.

தேர்தலில் வேட்பாளருக்கு வேலை செய்கிறவர்களுக்கு விதி தனி. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். சமூக ஊடகத்தில் கட்டண விளம்பரம் எதுவானாலும் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும்: கட்சியும் வேட்பாளரும் குறைந்தது 3 நாள் முன்னால், மற்றவர்கள் 7 நாள் முன்னால். வீடியோவோடு பேச்சின் எழுத்துப் படியும் கேட்பார்கள். இது தெரியாமல் கடைசி வாரம் வீடியோ எடுத்துவிட்டு நிற்பது வழக்கமான கூத்து. அதோடு மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) அரசியல் விளம்பரத்துக்கு அடையாளச் சரிபார்ப்பு வேறு, 'பணம் செலுத்தியவர்' பெயர் வேறு. அதற்கும் சில நாள் பிடிக்கும் என்பதால் வேட்புமனு நாளுக்கு முன்பே முடித்து வையுங்கள். டிசைனர் கூலி, கணக்கு பார்க்கிற பையன்களின் சம்பளம், பதிவைப் பரப்ப, அதாவது பூஸ்ட் செய்ய, தளத்துக்குக் கட்டிய பணம் எல்லாம் செலவுக் கணக்கில் சேரும். 2022 முதல் தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். அபிமானி ஒருவர் வேட்பாளரைக் கேட்காமல் சொந்தக் காசில் பூஸ்ட் போட்டால் அவர் மேலேயே வழக்கு வரலாம். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு, நேரம் குறித்து வைத்திருக்கும் பதிவுகளை நிறுத்தி வையுங்கள். ஆள் தூங்கினாலும் ஷெட்யூல் தூங்காது. செயற்கை நுண்ணறிவில் செய்த படம், குரல் என்றால் அதை வெளிப்படையாகக் குறிக்கச் சொல்லி தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. மறைந்த தலைவர் குரலில் வாழ்த்துச் செய்கிற ஆசை எல்லாருக்கும் வருகிறது. குறிக்காமல் வெளியிட்டால் எதிர்த்தரப்புக்கு அது இலவசப் பிரசாரம்.

மனு கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் போட வேண்டிய பதிவில் கூட்டப் படம் இரண்டாவதாக வரட்டும். முதலில் வர வேண்டியது மனு ரசீது, அதன் எண் தெளிவாகத் தெரியும்படி; பெயர், போன் நம்பர், ஆதார் எண் மறைத்து. அதன்பின் வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே எண்ணோடு ஒரே வரி: "மனு கொடுத்து 7 நாள். பதில் இல்லை." "14 நாள். உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார்." பதில் வரவே இல்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது' என்று கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலும் குழுவுக்குப் போகட்டும்.

தண்ணீர் வந்தால் எந்த மடைக்கு, எத்தனை மணிக்கு வந்தது என்று படத்தோடு போடுங்கள். வந்து பார்த்த அதிகாரிக்கு ஒரு நன்றி வரி சேர்த்தால் அடுத்த முறை அவர் போனை எடுப்பார். பிறகு பெரிய குழுவைப் பூட்டியபடியே அடுத்த சுற்றுவரை அமைதியாக வைத்திருங்கள். திறந்து விட்டால் ரோஜாப்பூவும் சைட் விற்பனையும் வரும், ஆட்கள் ஒவ்வொருவராக 'மியூட்' போட்டுவிடுவார்கள். மறுபடி மதகு அடைபடும்போது அத்தனை பேரும் குழுவில் இருப்பார்கள், செய்தி மட்டும் அவர்கள் கண்ணில் படாது.